மரத்தளத்தில் நெருப்பு

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் எமக்காகக் காத்து நின்றார். எம்மிடம் பத்தாம் தரத்தில் வரலாறு படித்த பிள்ளை. இப்போது பிள்ளை அல்ல, இரண்டு பிள்ளைகளின் வாப்பா. எல்லப் பக்கம் மலைச்சரிவில் நான்கு அறைகளோடு சின்னதாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறார். சலாம் சொல்லிக் கையைப் பிடித்தவர் விடவில்லை.

"சேர், நெருப்புக்குழிய உடைக்கிறதா, வைக்கிறதா? நீங்க சொல்லுங்க."

கதை இதுதான். வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி பலகையால் ஒரு தளம் போட்டிருக்கிறார். டெக் என்கிறார்கள். அதன் நடுவில் இரும்புச் சட்டி ஒன்றைக் காலில் நிறுத்தி, இரவில் விறகு போட்டு எரிப்பார். குளிரில் வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அது பெரிய சந்தோஷம். கொழும்பிலிருந்து வருபவர்களுக்கு அதைவிடச் சந்தோஷம். போட்டோ எடுத்துப் போடுகிறார்கள், அதைப் பார்த்து இன்னும் நான்கு பேர் வருகிறார்கள். கொரோனாவிலும் பிறகு வந்த பொருளாதார நெருக்கடியிலும் கடன்பட்டவருக்கு அந்தச் சட்டிதான் கைகொடுத்தது.

ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு எல்லோரும் படுக்கப் போனபின் சட்டியில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு இவரும் தூங்கிவிட்டார். விடியற்காலை இரண்டரை மணியளவில் குழந்தைக்குப் பால் கொடுக்க எழும்பிய மனைவிக்குப் புகை மணத்திருக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் சுவாலை ஒன்றும் இல்லை. சட்டிக்குக் கீழே இரண்டு பலகைகள், அடிப்பக்கமாக, சத்தமில்லாமல் சிவந்துகொண்டு இருந்தன. தளத்தை ஒட்டிய அறையில் ஒரு குடும்பம், ஐந்து வயதுப் பிள்ளையோடு தூங்கிக்கொண்டு இருந்தது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். காலையில் அந்தக் குடும்பம் ஒன்றும் தெரியாமல் தேநீர் குடித்துவிட்டு, நல்ல வார்த்தை எழுதிவைத்துவிட்டுப் போனது. அந்த நல்ல வார்த்தைதான் தன்னைத் தூங்க விடுவதில்லை என்றார்.

இதை ஏன் வரலாறு படிப்பிப்பவரிடம் கேட்கிறீர்கள், ஒரு மேசன் பாஸிடம் கேளுங்கள் என்றோம். "லண்டன் எரிஞ்ச கதைய மழை நாளொண்டில சொன்னீங்களே சேர்" என்றார். பதினைந்து வருடம் இருக்கும். நாம் மறந்தே போயிருந்தோம்.

அன்று அவருக்குப் பாதிதான் பதில் சொன்னோம். மிச்சத்தை எழுதி அனுப்புவதாகச் சொன்னோம். எமது பக்கத்தில் இப்போது பலகைத் தளம் போடுபவர்கள் பலர் இருப்பதால் எல்லோருக்கும் பொதுவாக இங்கேயே எழுதுகிறோம். நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

இது வெள்ளைக்காரனின் பழக்கம், நமக்கெதற்கு என்று பள்ளி வாசலில் நின்ற ஒரு மாமா சொன்னார். பாதி உண்மை. பின்வளவில் பலகைத் தளம் போட்டு உட்காருவது போன நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் பரவிய பழக்கம். கலிபோர்னியாவில் தோமஸ் சர்ச் என்ற தோட்டக் கலைஞர் 1948இல் டொனெல் குடும்பத்துக்காக அமைத்த தோட்டத்தில், நின்ற மரங்களை வெட்டாமல் அவற்றைச் சுற்றிப் பலகைத் தளம் போட்டார். அந்தத் தோட்டத்தின் படங்கள் நாடெங்கும் பேசப்பட்டன. போர் முடிந்து புறநகர் வீடுகள் பெருகிய காலம் அது. பின்வளவில் இறைச்சி சுடும் வழக்கமும் அதோடு சேர்ந்து வளர்ந்தது. இன்றுவரை உலகமெங்கும் விற்கும் வேபர் உருண்டைச் சட்டி 1952இல் வந்தது. தளம் ஒரு பக்கம், நெருப்பு ஒரு பக்கம். இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்க ஆசை வந்தது அதற்குப் பிறகு.

ஆனால் பலகைத் தரையின் நடுவே நெருப்பை வைத்து, அதைச் சுற்றி உட்கார்ந்து, நூற்றாண்டுக் கணக்காக வாழ்ந்தவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். ஜப்பானின் கிராமத்து வீடுகள் மரமும் வைக்கோல் கூரையும். எரிவதற்கென்றே கட்டிவைத்தது போன்ற வீடு. அந்த வீட்டின் நடுக்கூடத்தில், பலகைத் தரையைச் சதுரமாக வெட்டி, அதில் நெருப்பு. அதற்கு இரோரி என்று பெயர். சமையல், குளிர்காய்தல், துணி உலர்த்துதல், வெளிச்சம் எல்லாம் அதிலேதான்.

அது எப்படி எரியாமல் நின்றது என்பதுதான் எமது மாணவருக்குத் தேவையான பாடம். இரோரியின் நெருப்பு பலகையின் மேல் இல்லை. பலகை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. கீழே கல்லும் களிமண்ணும் கொண்டு பெட்டி போலக் கட்டி, அதற்குள் சாம்பலை ஆழமாக நிரப்புகிறார்கள். நெருப்பு அந்தச் சாம்பல் படுக்கையின் நடுவில் மட்டும். குழியின் விளிம்புக்கும் தணலுக்கும் இடையில் எப்போதும் ஒரு சாண், இரண்டு சாண் வெறும் சாம்பல் கிடக்கும். எம்மவர்கள் சாம்பலைக் கழிவு என்று அள்ளிக் கொட்டுகிறோம். அவர்கள் அதை வெப்பம் கடத்தாத மெத்தையாகப் பாவித்தார்கள். இரவில் தணலைச் சாம்பலுக்குள் புதைத்து மூடிவிட்டால் காலையில் ஊதினால் நெருப்பு தயார். அதுவரை ஒரு பொறியும் எழாது.

நெருப்புக்கு மேலே கூரையிலிருந்து மரச்சட்டம் ஒன்று தொங்கும். எழும் பொறிகள் வைக்கோல் கூரைக்குப் போகாமல் அதில் மோதி அடங்கும். சும்மா தொங்கவிடாமல் அதிலே மீன், தானியம் என்று காயவும் வைப்பார்கள். இதை வாசித்தபோது எமக்கு உம்மும்மாவின் குசினிதான் ஞாபகம் வந்தது. அடுப்புக்கு மேலே கட்டிய பரணில் கொறக்காப்புளியும் விதைச்சோளமும் கரிபிடித்துக் கிடக்கும். சின்ன வயதில் அது சாமான் வைக்கும் இடம் என்றுதான் நினைத்தோம். பொறி தடுக்கவும் உதவியிருக்கும் என்று அப்போது யாரும் சொல்லித் தரவில்லை.

பானை தொங்கவிடும் கொக்கியை உயர்த்தவும் தாழ்த்தவும் ஒரு கட்டை இருக்கும். பல வீடுகளில் அதை மீன் வடிவத்தில் செதுக்கியிருப்பார்கள். மீன் நீருக்குரியது, நீர் நெருப்பை அடக்கும் என்ற நம்பிக்கை. எமக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் நெருப்பைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ஞாபகம் வரும்படி ஒரு வீட்டைக் கட்டியவர்களின் எச்சரிக்கை உணர்வை மதிக்கத்தான் வேண்டும். அதோடு இரோரியைச் சுற்றி யார் எங்கே உட்காருவது என்பதும் வகுக்கப்பட்டிருந்தது. வீட்டுத் தலைவருக்கு ஓர் இடம், விருந்தாளிக்கு ஓர் இடம், சமைக்கும் வீட்டுக்காரிக்கு ஓர் இடம், விறகு தள்ளும் பக்கத்தில் ஒருவர். மரியாதைக்காக வந்த முறை. ஆனாலும் நெருப்புக்குப் பக்கத்தில் எப்போதும் பொறுப்பான ஓர் ஆள் இருப்பார் என்பதும் அதனால் உறுதியானது.

ஷிரகவா-கோ என்ற மலைக்கிராமத்தில் இந்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. 1995இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அங்கே ஒவ்வோர் ஆண்டும் ஊரே கூடி, வீடுகளுக்கிடையில் மறைத்து வைத்திருக்கும் தண்ணீர்ப் பீரங்கிகளை ஒன்றாகத் திறந்து ஒத்திகை பார்க்கிறார்கள். கூரைகளுக்கு மேலே தண்ணீர் வளைந்து போகும் காட்சியைக் காணொளியில் பார்க்கலாம். சுற்றுலாப் பயணிகள் அதைப் பார்க்கவென்றே போகிறார்கள். எல்லப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்கிறோம், பாதுகாப்பும் பார்க்கத்தக்கதாக இருக்கலாம்.

ஜப்பானில் எல்லாம் நன்றாக நடந்தது என்று யாரும் நினைக்கவேண்டாம். எடோ, அதாவது இன்றைய டோக்கியோ, 1657இல் எரிந்தது. நகரத்தில் பெரும் பகுதி போனது. இறந்தவர்கள் ஒரு லட்சம் வரை என்று சொல்லப்படுகிறது. கிராமத்து வீட்டின் ஒழுங்கு, நெருக்கிக் கட்டிய நகரத்தைக் காப்பாற்றவில்லை.

அதற்கு ஒன்பது வருடம் கழித்து லண்டன். இதைத்தான் அந்த மழை நாளில் சொல்லியிருக்கிறோம். 1666 செப்டெம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை, விடியுமுன். புடிங் லேன் என்ற ஒடுங்கிய தெருவில் தோமஸ் ஃபாரினர் என்பவரின் பேக்கரியில் தொடங்கியது. நான்கு நாட்களில் 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் சாம்பல். ஃபாரினர் கடைசிவரை ஒரே பேச்சுத்தான் பேசினார்: படுக்கப் போகுமுன் அடுப்புகளைப் பார்த்தேன், கிடந்த தணலை வாரி அடக்கினேன், என் அடுப்பால் இது நடக்கவில்லை. அவர் பொய் சொன்னார் என்று எமக்குத் தோன்றவில்லை. பார்த்திருப்பார். வாரியும் இருப்பார். எமது மாணவரும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றத்தானே செய்தார்.

அடுத்த ஆண்டே சட்டம் வந்தது: இனி லண்டனில் வீடு கட்டினால் செங்கல் அல்லது கல். அதற்கு முன்னரும் சட்டம் இல்லாமல் இல்லை. நானூறு வருடத்துக்கு முன்பே வைக்கோல் கூரை தடை. யாரும் முழுதாகக் கேட்கவில்லை. எரிந்த பிறகுதான் கேட்டார்கள்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. மத்தியகால ஐரோப்பாவில் இரவில் மணி அடிப்பார்கள். மணி கேட்டதும் வீட்டு நெருப்பை மூடவேண்டும். பிரெஞ்சு மொழியில் அதற்குப் பெயர் கூவ்ர்-ஃபூ. 'நெருப்பை மூடு' என்று பொருள். தணலை மூட மண்ணாலும் பித்தளையாலும் செய்த மூடிக்கும் அதே பெயர். நோர்மன்கள் இங்கிலாந்துக்கு வந்தபோது அந்த வழக்கமும் சொல்லும் அங்கே வேரூன்றின. நாளடைவில் தேய்ந்து அது கர்பியூ ஆனது.

கர்பியூ என்றதும் எமது ஊரில் யாருக்கும் அடுப்பு ஞாபகம் வராது. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் என்ன நடந்தது, எது எரிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். நெருப்பை அணைக்கச் சொல்லிப் பிறந்த சொல், எரிந்த பிறகு வீட்டுக்குள் போ என்று சொல்லும் சொல்லாக எமக்கு வந்து சேர்ந்தது. அதை இங்கே நீட்டப் போவதில்லை. அந்தச் சொல்லின் பழைய பொருளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், அவ்வளவுதான்.

ஐரோப்பாவுக்கு மணி அடித்துச் சொல்லப்பட்டது, அதற்கு முன்பே எமக்கு மதீனாவில் சொல்லப்பட்டது. இரவில் ஒரு வீடு, உள்ளே இருந்தவர்களோடு எரிந்துபோன செய்தி நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களுக்கு எட்டியது. நெருப்பு உங்களுக்கு எதிரி, தூங்கும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் அவர்கள் சொன்னதை அபூ மூஸா ரழியல்லாஹு அன்ஹு அறிவிக்கிறார்கள். புகாரியில் இருக்கிறது. இன்னோர் அறிவிப்பில் காரணமும் வருகிறது: எலி விளக்குத் திரியை இழுத்துக்கொண்டு போய் வீட்டாரை எரித்துவிடலாம். எவ்வளவு நுணுக்கமான கவனிப்பு என்று பாருங்கள். இன்று தீ விபத்து நடந்த இடத்துக்குப் போகும் அதிகாரி எதைத் தேடுவாரோ அதையே சொல்லியிருக்கிறார்கள்: எது எரிந்தது என்பதல்ல, எது எதை எங்கே கொண்டுபோனது என்பது.

"அப்ப வைக்கவே கூடாதுதானே சேர்?" என்று மாணவர் உடனே கேட்டார். அப்படி அவசரப்பட வேண்டாம். இமாம் நவவி ரஹிமஹுல்லாஹ் அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விளக்கத்தில் பள்ளிகளில் தொங்கும் விளக்குகளைப் பற்றிப் பேசுகிறார்கள். அவற்றால் தீப்பிடிக்கும் என்ற பயம் இருந்தால் அணைக்கவேண்டும். பெரும்பாலும் இருப்பதுபோல் பயமில்லாமல் இருந்தால், தடுத்ததற்கான காரணம் அங்கே இல்லாததால் குற்றமில்லை என்று தெரிகிறது என்கிறார்கள். எதனால் ஆபத்தோ அதைப் பார் என்பது அதன் சாரம்.

நவவி அவர்கள் வாழ்ந்த காலத்திலேயே, ஹிஜ்ரி 654இல், கிறிஸ்து ஆண்டு 1256இல், ரமழான் தொடக்கத்தில், மஸ்ஜிதுன் நபவியே எரிந்தது. பணியாளர் ஒருவர் விளக்குகளை எடுக்கச் சாமான் அறைக்குள் நெருப்போடு போய், அதை அங்கேயே மறந்துவிட்டு வந்தார். அவ்வளவுதான். கூரை முழுவதும் போனது. விளக்கு தொங்கிய இடத்தில் ஆபத்து வரவில்லை, கொண்டுபோன இடத்தில் வந்தது. ஐந்நூறு வருடம் கழித்து அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்ளின் 1735இல் பத்திரிகையில் எழுதியதும் இதைத்தான்: தணலை அகப்பையில் வைத்து ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குத் திறந்தபடி கொண்டுபோகாதீர்கள். அடுத்த வருடமே பிலடெல்பியாவில் தீயணைப்புக் கூட்டம் ஒன்றையும் தொடங்கினார்.

இனி எல்லப் பக்கத்துக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப்போய் அந்தத் தளத்தைப் பார்த்தோம். கூடவே எமது சிறிய தந்தையின் மகன், மேசன் வேலை செய்யும் நானாவும் வந்தார்.

முதலில் பலகை ஏன் எரிந்தது என்பது. மாணவர் நினைத்தது, ஒரு தணல் துண்டு விழுந்து எரிந்தது என்று. இருக்கலாம். ஆனால் நானா பலகையைப் புரட்டிக் காட்டினார். சட்டிக்கு நேர் கீழே பலகை பல மாதமாகக் கறுத்து, கரி போல் ஆகியிருந்தது. மரம் பொதுவாக 250, 300 பாகை செல்சியஸ் அளவில்தான் தீப்பிடிக்கும். ஆனால் அதைவிடக் குறைந்த சூட்டில் நாள்தோறும் வாட்டினால் அது மெல்ல மெல்லக் கரியாகும். கரியான மரத்துக்கு அவ்வளவு சூடு தேவையில்லை. அதாவது அந்தப் பலகை அந்த ஒரு இரவில் எரியவில்லை. ஒவ்வோர் இரவும் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துகொண்டு வந்திருக்கிறது. நேற்று ஒன்றும் நடக்கவில்லையே என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

பலகைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கலந்த பலகை போடலாமா என்று கேட்டார். அது இன்னும் மோசம். எரியுமுன்பே இளகி வளையும்.

அடுத்தது விறகு. தளம் கட்டி மிஞ்சிய துண்டுகளைத்தான் சட்டியில் போட்டு எரித்திருக்கிறார். அது பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றிய மரம். இங்கே ஒரு வரலாறு உண்டு. செம்பு, குரோமியம், ஆசனிக் மூன்றையும் கலந்து மரத்துக்கு ஏற்றும் முறையை 1933இல் கண்டுபிடித்தவர் சொந்தி காமேசம் என்ற இந்தியர், டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தவர். உலகமெங்கும் பலகைத் தளங்களும் மின்கம்பங்களும் நீண்டகாலம் நின்றது அவர் தயவில். ஆனால் ஆசனிக் என்பது பாஷாணம். அமெரிக்காவில் வீட்டுப் பாவனைக்கான மரங்களில் அதை 2003 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். அப்படி மருந்தேற்றிய மரத்தை எரித்தால் நஞ்சு புகையிலும் போகும், சாம்பலிலும் தங்கும். இவருடைய துண்டில் என்ன மருந்து ஏற்றியிருக்கிறது என்று விற்ற கடைக்காரருக்கும் தெரியவில்லை. அந்தச் சாம்பலை எங்கே போட்டீர்கள் என்று கேட்டோம். கீரைப் பாத்தியைக் காட்டினார். மனைவியின் முகம் மாறிவிட்டது. பாத்தியின் மேல்மண்ணை அன்றே அள்ளி அப்புறப்படுத்தச் சொன்னோம். தண்டவாளச் சிலிப்பர் கட்டையை எரிப்பவர்களுக்கும் இதுவே. அதில் ஊறியிருப்பது கிரியோசோட் எண்ணெய். பூசாத, ஏற்றாத, நன்றாகக் காய்ந்த விறகை மட்டும் எரியுங்கள்.

பிறகு இடம். எமக்கு இரோரி மனதில் இருந்தது. தளத்தில் சதுரமாக வெட்டி, கீழே மண்ணிலிருந்தே கல்லால் தனியாக ஒரு தூண் எழுப்பி, அதன் தலையில் குழி அமைத்து, பலகை அதைத் தொடாமல் இடைவெளி விட்டு நிற்கவைக்கலாம். நெருப்பின் பாரமும் சூடும் மண்ணுக்குப் போகும், பலகைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் சரிவில் கட்டிய தளம் அது. வீட்டுப் பக்கத்தில் நிலத்திலிருந்து இரண்டு அடிதான் உயரம். பள்ளத்தாக்குப் பக்கத்தில் எட்டு அடி. எட்டு அடித் தூண் மழைக்காலத்தில் சரியும் என்றார் நானா. இரண்டு அடிப் பக்கத்தில் கட்டினால் அறைச் சுவர் ஆறு அடியில் இருக்கிறது. அமெரிக்காவில் பல ஊர்கள் பின்பற்றும் தீப்பாதுகாப்பு விதிக்கோவை, திறந்த விறகு நெருப்புக்கும் கட்டடத்துக்கும் 25 அடி கேட்கிறது. விறகுக் குவியல் மூன்று அடி அகலத்தையும் இரண்டு அடி உயரத்தையும் தாண்டக்கூடாது என்றும் சொல்கிறது. எமது மலைக்காற்றுக்கு அதைக் குறைக்க ஒரு நியாயமும் இல்லை.

கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை. மாணவர் தளத்தின் விளிம்பில் போய் நின்றார். நெருப்பு தளத்தில் இல்லாவிட்டால் ஆட்கள் வரமாட்டார்கள், காட்சிதான் எல்லாம் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அழகில்லாத பாதுகாப்பை ஒரு மாதத்தில் கைவிட்டுவிடுவார்கள். லண்டன்காரர்கள் நானூறு வருடம் கைவிட்டார்கள்.

வழி கண்டுபிடித்தது நானாதான். தளத்துக்குப் பக்கவாட்டில், சரிவில் சற்றுக் கீழே, பழைய தேயிலைக் காலத்துக் கல்வரிசை ஒன்று கிடந்தது. அதற்கு மேலே சமதரையாக மண். அளந்தோம். அறைச் சுவரிலிருந்து முப்பத்தொரு அடி, தளத்தின் விளிம்பிலிருந்து இருபத்தாறு. மேலே மரக்கிளை இல்லை. குழியை அங்கே கொண்டுபோய், தளத்திலிருந்து கல்படி இறக்கினால், மேலே இருப்பவர்களுக்கு நெருப்பு பள்ளத்தாக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் தெரியும். இருட்டில் தளமும் கம்பியும் மறைந்துவிடும், நெருப்பு மட்டும் நிற்கும். முன்னே இருந்ததைவிட நல்ல காட்சி என்று மாணவரே ஒப்புக்கொண்டார்.

குழிக்கு உள்விட்டம் மூன்று அடி. உள்வரி தீக்கல், கிடைக்காவிட்டால் நன்றாகச் சுட்ட செங்கல், வெளியே கருங்கல். சீமெந்துக் கல்லை உள்ளே வைத்தால் சூட்டில் வெடித்துச் சிதறும். அதைவிட மோசம் ஆற்றுக்கல். உருண்டு பளபளவென்று அழகாக இருக்கும், மாணவர் ஒரு மூட்டை எடுத்தும் வைத்திருந்தார். ஆற்றில் கிடந்த கல்லின் வெடிப்புகளில் ஈரம் இருக்கும். நெருப்பில் அது ஆவியாகி வழியில்லாமல் கல்லை உடைக்கும், துண்டு முகத்துக்கு வரும். அந்த மூட்டையைப் படியின் இரு ஓரத்திலும் பதிக்கச் சொன்னோம். அடியில் சரளையும் மணலும், மழைநீர் போக ஒரு வடிகால். மேலே பொறி தடுக்கக் கம்பி வலை மூடி, எமது உம்மும்மாவின் பரணுக்குப் பதிலாக. சுற்றிவரச் சரளை, அதற்கு வெளியே இருக்கைக் கல். இருக்கை குழி விளிம்பிலிருந்து நான்கு அடி தள்ளி. கிட்ட இருந்தால் சூடு தாங்காமல் பின்னால் சாய்வார்கள், பின்னால் சரிவு. அதனால் சரிவுப் பக்கத்தில் இருக்கையே வேண்டாம், அந்தப் பக்கம் காட்சிக்குத் திறந்தே கிடக்கட்டும் என்று முடிவானது.

அணைப்பது பற்றிக் கடைசியாகப் பேசினோம். நேரம் எடுத்ததும் அதற்குத்தான். ஒரு சொம்பு தண்ணீர் மேல்தோலை நனைக்கும், அடித்தணலைத் தொடாது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கம்பியால் கிளறி, திரும்ப ஊற்றி, கையைக் கிட்டக் கொண்டுபோனால் சூடு தெரியாத வரைக்கும் செய்யவேண்டும். அள்ளும் சாம்பல் மூடியுள்ள இரும்பு வாளிக்குள்தான் போகவேண்டும், அட்டைப் பெட்டிக்கோ பிளாஸ்டிக் வாளிக்கோ அல்ல. சாம்பலுக்குள் புதைந்த தணல் நான்கு நாள் வரைக்கும் உயிரோடு இருக்கலாம். ஜப்பானியக் கிராமத்துக்காரர் அதைத் தெரிந்துதான் புதைத்தார்.

இன்னொன்றையும் சொன்னோம். குளிர் கூடிய இரவில் விருந்தினர் கேட்டார்கள் என்று தணலைச் சட்டியில் அள்ளி அறைக்குள் கொடுக்கவே வேண்டாம். உரோமப் பேரரசர் ஜூலியன் நான்காம் நூற்றாண்டில் பாரிஸில் தங்கியிருந்தபோது, அறைக்குள் கொஞ்சம் தணல் கொண்டுவரச் சொல்லி, மயங்கி விழுந்து, தூக்கிக்கொண்டு வெளியே போனதால் பிழைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். கரி எரியும்போது வரும் கார்பன் மோனோக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. பேரரசருக்குத் தூக்கிச் செல்ல ஆள் இருந்தது.

வேலை தொடங்கியாயிற்று. நேற்று இரவு மாணவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். குழி இன்னும் பாதிதான். கல் அடுக்கி நிற்கிறது, நெருப்பு இல்லை. பக்கத்தில் புதிதாக வாங்கிய இரும்பு வாளி, மூடியோடு. மூடியின் மேல் அவர் மூத்த மகள் சுண்ணக்கட்டியால் ஒரு மீன் வரைந்து வைத்திருக்கிறாள். வாப்பா ஜப்பான் கதையை வீட்டில் சொல்லியிருக்கிறார் போல.

எரிந்த இரண்டு பலகைகளையும் கழற்றிவிட்டார். அவற்றில் ஒன்றை எறியவேண்டாம், எமக்குக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறோம். பத்தாம் தரத்துக்கு லண்டன் தீயைச் சொல்லும்போது மேசையில் வைக்க.